வெள்ளிக் கேசட்டில் கற்றது, நீலக் கேசட்டில் பலித்தது

இரண்டு நாள் அலமாரியில் சும்மா வைத்திருந்த, தங்கையின் போக்கிமான் விளையாட்டுக் கேசட்டை நேற்றிரவு எடுத்து, கேம்பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியில் செருகி, விசையைத் தள்ளினேன். ‘தொடர்க’ என்ற வரி பட்டியலின் தலையில் வந்து நின்றது. அதை அழுத்தியதும் சிறிய கட்டம் ஒன்று விரிந்தது. தங்கை சிறுமியாக இருந்தபோது ஆங்கில எழுத்துகளில் வைத்துக்கொண்ட ‘அம்மு’ என்ற பெயர், 8 பட்டயங்கள், பிடித்தவை 103, விளையாடிய நேரம் 87 மணி 14 நிமிடம். எல்லாம் இருந்தது. உள்ளிருக்கும் பேட்டரியை மாற்றியும் இந்தச் சேமிப்பு அழியாமல் காப்பாற்ற மே மாதம் தொடங்கிய வேலை செப்டம்பரில் முடிந்திருக்கிறது. நடுவில் இன்னொரு கேசட்டின் சேமிப்பை இரண்டு முறை என் கையாலேயே அழித்தேன். அதையும் மறைக்காமல் எழுதிவைக்கிறேன். இதே வேலையில் இறங்குபவர் அந்த இடத்தில் தடுக்கி விழாமல் இருக்கட்டும்.

சிங்கப்பூரில் வேலை பார்த்த மாமா 2001-இல் விடுமுறைக்கு வந்தபோது ஒரு கேம்பாய் கலரும் இரண்டு கேசட்டும் கொண்டுவந்தார். எனக்கு போக்கிமான் சில்வர், தங்கைக்கு புளூ. அதற்கு முன் எங்கள் வீட்டில் இருந்தது தொலைக்காட்சியில் மாட்டும் கருவி. மஞ்சள் பிளாஸ்டிக்கில், ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் என்று அட்டை ஒட்டிய கேசட் அதற்கு உண்டு. அந்தப் பழக்கத்தில் இதையும் கேசட் என்றே சொன்னோம், இன்றும் அப்படித்தான் சொல்கிறோம். மஞ்சள் கேசட்டில் எதையும் சேமிக்க முடியாது. மின்சாரம் போனால் முதல் கட்டத்திலிருந்து திரும்ப ஆட வேண்டும். ஆகவே நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று தொடரலாம் என்பதே எங்களுக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

இந்த மே மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது அம்மா ஒரு பிஸ்கட் டப்பாவை இறக்கினார். உள்ளே கேம்பாயும் இரண்டு கேசட்டும். பழைய பேட்டரி இரண்டும் கசிந்து, சுருள் கம்பியில் பச்சைப் பூஞ்சை போலப் பிடித்திருந்தது. வினிகரில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, ஈரம் போனபின் புதிய ஏஏ பேட்டரி இரண்டு போட்டதும் கருவி எழுந்துவிட்டது. புளூ கேசட்டில் ‘தொடர்க’ இருந்தது. சில்வரில் இல்லை.

காரணத்தை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறேன். விளையாட்டு முழுவதும் ஆலையிலேயே பதித்த ரோம் சில்லில் இருக்கிறது; அதற்கு மின்சாரம் வேண்டாம். நாம் சேமிப்பது தனியாக ஒரு 32 கிலோபைட் ராம் சில்லில் இருக்கிறது. அதற்கு எப்போதும் சிறிதளவு மின்சாரம் வேண்டும். அதைக் கொடுப்பது ஒரு பட்டன் பேட்டரி. சில்வரில் இரவும் பகலும் விளையாட்டுக்குள் மாறுவதற்கென்று ஒரு கடிகாரமும் அதே பேட்டரியில் ஓடுகிறது. அதனால் அந்தக் கேசட்டில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். கடிகாரம் இல்லாத புளூ, இருபது ஆண்டுகளைத் தாண்டியும் தாக்குப்பிடிக்கும்.

முதலில் கேசட்டைத் திறக்க வேண்டும். இதில் இருப்பது ஒரே ஒரு திருகாணிதான், ஆனால் அது சாதாரணத் திருகாணி அன்று. தலையைச் சுற்றி ஆறு பள்ளம் உள்ள, 3.8 மில்லிமீட்டர் அளவிலான தனி வகை. பால்பாயின்ட் பேனாவின் குழாயைத் தீயில் காட்டி, இளகியதும் திருகாணியின் மேல் அழுத்தி, இறுகியபின் திருகினால் வந்துவிடும் என்று படித்திருந்தேன். செய்து பார்த்தேன். கால் சுற்று திரும்பியது, பிறகு பிளாஸ்டிக் முறுக்கிக்கொண்டு ஒடிந்தது. ஒடிந்த துண்டு பள்ளத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. அதைத் தையல் ஊசியால் கிளறி எடுக்க ஒரு மாலை முழுவதும் போனது. மறுநாள் 220 ரூபாய்க்கு உரிய ஸ்குரூடிரைவரை வாங்கினேன். இரண்டே சுற்றில் திருகாணி வெளியே வந்தது. மேல்மூடியைக் கீழ்நோக்கி இழுத்துத் தூக்கினால் கழன்றுவிடும். நெம்பக் கூடாது, உள்ளே இருக்கும் கொக்கிகள் உடைந்துவிடும்.

சில்வரின் போர்டில் இருந்தது சிஆர் 2025. 20 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மில்லிமீட்டர் கனம், புதிதாக இருந்தால் 3 வோல்ட். மல்டிமீட்டரை வைத்தேன்: 0.31. இறந்த பேட்டரி. இதில் காப்பாற்ற எதுவும் மிஞ்சவில்லை என்பதால், என்னுடைய கேசட்டையே பழகிப் பார்க்கும் களமாக வைத்துக்கொண்டேன். தங்கையின் கேசட்டைத் தொடும்முன் கை தேற வேண்டும் அல்லவா?

பேட்டரியின் இரண்டு பக்கமும் மெல்லிய தகட்டுக் கால்கள் உண்டு. அவை பேட்டரியோடு ஆலையிலேயே ஒட்டவைக்கப்பட்டவை. கால்களின் மறுமுனை போர்டில் ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருக்கும். என்னிடம் இருந்தது 25 வாட் சால்டரிங் அயர்ன், வெப்பக் கட்டுப்பாடு இல்லாதது. பிளஸ் பக்கம் மூன்று விநாடியில் இளகியது. மைனஸ் பக்கம் இளகவே இல்லை. அந்தப் பக்கம் போர்டின் பெரிய செம்புப் பரப்போடு சேர்ந்திருப்பதால் வைக்கும் சூட்டையெல்லாம் அது இழுத்துக்கொள்கிறது. அது அப்போது எனக்குத் தெரியாது. பொறுமை இழந்து ட்வீசரால் காலை இழுத்தேன். கால் வந்தது, கூடவே பட்டாணித் தோல் அளவு செம்பும் உரிந்து வந்தது. பக்கத்தில் இருந்த பச்சைப் பூச்சைப் பிளேடால் சுரண்டி, புதிய செம்பை வெளியே கொண்டுவந்து அங்கே பற்றவைக்க வேண்டியதாயிற்று. அந்த வடு இன்றும் போர்டில் இருக்கிறது.

அடுத்த தவறு சிக்கனத்தால் வந்தது. கால் வைத்த பேட்டரி அருகில் எங்கும் கிடைக்கவில்லை. கைக்கடிகாரக் கடையில் 40 ரூபாய்க்குச் சாதாரண சிஆர் 2025 வாங்கி, பழைய கால்களை அதன் மேல் மடக்கி, கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் இறுக்கிச் சுற்றினேன். 3.2 வோல்ட் காட்டியது. புதிய ஆட்டம் தொடங்கி மூன்று வாரம் ஆடினேன். ஒருநாள் கேசட் மேசையிலிருந்து தரையில் விழுந்தது. எடுத்துப் போட்டால் ‘தொடர்க’ இல்லை. விழுந்த அதிர்ச்சியில் கால் ஒரு கணம் விலகியிருக்கிறது. ராமுக்கு அந்த ஒரு கணமே போதும். கோடை வெயிலில் டேப்பின் பசை இளகி நழுவியிருந்ததைத் திறந்தபின் பார்த்தேன். டேப் சுற்றுவதைத் தற்காலிகமாகக்கூட யாருக்கும் சொல்ல மாட்டேன். வெறும் பேட்டரியின் மேல் நேரடியாக ஈயம் வைப்பதும் வேண்டாம். அது லித்தியம், சூடேறினால் வெடிக்கக்கூடும். கால் வைத்தே விற்கும் பேட்டரியை இணையத்தில் வரவழைப்பதுதான் வழி. ஐந்து பேட்டரிக்கு 450 ரூபாய் ஆனது.

ஜூலையில் புளூவைத் திறந்தேன். 2.71 வோல்ட். ராம் சில் சுமார் 2 வோல்ட் வரை தாங்கும். ஆகவே அவசரம் இல்லை, ஆனால் நிறைய நேரமும் இல்லை. சிக்கல் என்னவென்றால், பேட்டரியைக் கழற்றும் அந்தக் கணத்திலேயே தங்கையின் 87 மணி நேரம் போய்விடும்.

கேசட்டைத் திறந்த நிலையிலேயே கேம்பாயில் செருகி, கருவியை ஓடவிட்டுப் பேட்டரியை மாற்றலாம் என்று ஒரு முறை உண்டு. அப்போது ராமுக்கு மின்சாரம் கருவியிலிருந்து வரும். செலவில்லாத வழி. இரண்டு நாள் யோசித்தேன். பிறகு சில்வரில் பரிசோதித்துப் பார்த்தேன். இந்த ஒரு முடிவுதான் எல்லாவற்றையும் காப்பாற்றியது. புதிதாக ஒரு ஆட்டம் சேமித்து, கருவியை ஓடவிட்டு, சால்டரிங் அயர்னை மைனஸ் காலில் வைத்தேன். கேசட் செருகியில் இம்மியளவு அசைந்தது. திரை வெளுத்தது. அணைத்துப் போட்டபோது தொடக்கத்தில் வரும் நின்டெண்டோ என்ற நிறுவனப் பெயர் சிதைந்த கட்டங்களாக வந்து அப்படியே நின்றது. செருகியில் தொடர்பு விட்டால் கருவி அதற்கு மேல் நகராது. கேசட்டைச் சரியாக உட்காரவைத்தபின் விளையாட்டு வந்தது, சேமிப்பு போயிருந்தது. புளூவில் இதைச் செய்திருந்தால் இந்தப் பதிவை எழுதும் மனநிலையில் நான் இருந்திருக்க மாட்டேன்.

எனவே கேசட் படிப்பான் ஒன்று வாங்கினேன். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய போர்டு. ஒருபுறம் கேசட் செருகி, மறுபுறம் யுஎஸ்பி. ஜிபிஎக்ஸ்கார்ட் என்று பெயர். ஃபிளாஷ்ஜிபிஎக்ஸ் என்ற இலவச மென்பொருளோடு வேலை செய்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்ததால் அஞ்சல், சுங்கவரி எல்லாம் சேர்த்து 4,100 ரூபாய். இந்த வேலையிலேயே பெரிய செலவு இதுதான். வாங்கியதில் வருத்தமே இல்லை. பழைய கேம்பாய் கேசட்டுக்கு 5 வோல்ட், கேம்பாய் அட்வான்ஸ் கேசட்டுக்கு 3.3 வோல்ட். செருகும்முன் படிப்பான் எந்த வோல்ட்டில் இருக்கிறது என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

இங்கே ஒரு வரிசை முக்கியம். முதலில் சேமிப்பைப் படியுங்கள், அப்புறம் விளையாட்டை. புளூவின் ரோம் 1 மெகாபைட். அது உலகெங்கும் லட்சக்கணக்கான கேசட்டுகளில் ஒரே மாதிரி இருக்கிறது. என்னுடையது கெட்டாலும் விளையாட்டு அழியாது. அந்த 32 கிலோபைட் மட்டும் உலகில் ஒன்றே ஒன்று. எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வெளிச்சத்துக்காகத் தலையைச் சாய்த்துச் சாய்த்து ஒரு சிறுமி சேர்த்தது.

சேமிப்பைப் படித்தேன், 32,768 பைட் வந்தது. மீண்டும் படித்தேன். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்ணான ஹாஷ், இரண்டு கோப்புக்கும் ஒத்துப்போகவில்லை. ரோமைப் படித்தபோதும் கூட்டுச்சரி (படித்தது பிழையின்றி வந்ததா என்று காட்டும் எண்) தவறு என்று காட்டியது. கெட்டது சில் அன்று, தொடர்புகள்தாம். கேசட்டின் விளிம்பில் 32 தொடர்புகள் உண்டு. சிறு வயதில் நாங்கள் ஊதி ஊதிப் போட்ட கேசட் இது. வாயின் ஈரம் அத்தனை ஆண்டாக அதில் படிந்திருக்கிறது. 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் மேலிருந்து கீழாகத் துடைத்தேன். முதல் குச்சி அடுப்புக்கரி தொட்டது போல் கறுத்தது. ஆறாவது குச்சி வெள்ளையாகவே வந்தது. பென்சில் ரப்பரால் தேய்க்கலாம் என்று பலர் சொல்கிறார்கள். மேலே இருக்கும் தங்கப்பூச்சு மிக மெல்லியது, தேய்க்க வேண்டாம். பத்து நிமிடம் உலரவிட்டுப் படித்தேன். மூன்று முறையும் ஒரே ஹாஷ். ரோமின் கூட்டுச்சரியும் நேரானது. அந்தச் சேமிப்புக் கோப்பைக் கணினியில் எமுலேட்டரில் (கேம்பாயைப் போலவே இயங்கும் மென்பொருள்) திறந்து, தங்கையின் பெயரைப் பார்த்தபின்தான் நாற்காலியில் சாய்ந்தேன். மூன்று இடங்களில் நகல் வைத்தேன்: மடிக்கணினி, வெளி வன்தட்டு, தங்கைக்கு அனுப்பிய மின்னஞ்சல்.

இது சட்டப்படி சரிதானா என்று நண்பர் ஒருவர் கேட்டார். சொந்தமாக வைத்திருக்கும் கணினி நிரலுக்கு, இழப்பிலிருந்து பாதுகாத்துக்கொள்ள மட்டும் காப்புநகல் எடுக்க இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. விளையாட்டின் நகல் என் வீட்டை விட்டுப் போகாது; தங்கைக்கு அனுப்பியது அவளுடைய சேமிப்பு மட்டுமே.

பேட்டரி மாற்ற உட்கார்ந்தபோதுதான் அடுத்த தவறு தெரிந்தது. தங்கையின் புளூவில் இருந்தது சிஆர் 2025 இல்லை, சிஆர் 1616. 16 மில்லிமீட்டர் விட்டம், 1.6 மில்லிமீட்டர் கனம். ஜூலையில் வோல்ட் பார்த்த நான் பேட்டரியின் மேல் இருந்த எண்ணைப் படிக்கவில்லை. கால் வைத்த 1616 வர ஒன்பது நாள் ஆனது; இரண்டுக்கு 230 ரூபாய். திறந்து பார்த்து, எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகு வாங்குங்கள்.

காத்திருந்த நாட்களில் வெப்பக் கட்டுப்பாடு உள்ள சால்டரிங் அயர்ன் ஒன்றை 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். சில்வரின் வடு கற்றுத்தந்த செலவு அது. 350 டிகிரியில் வைத்து, ஈயம் நன்றாக ஒட்ட உதவும் பிளக்ஸ் தடவி, பழைய ஈயத்தின் மேல் ஒரு பொட்டுப் புதிய ஈயம் சேர்த்தேன். அப்படிச் செய்தால் பழையதும் சேர்ந்து இளகும். முனை சற்று அகலமாக இருந்தால் சூடு விரைவாக இறங்கும். மைனஸ் கால் ஆறு விநாடியில் தானாகவே மிதந்தது. இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. பழைய ஈயத்தை செம்புப் பின்னல் நாடாவால் உறிஞ்சி, போர்டில் அச்சிட்ட குறியைப் பார்த்துப் புதிய பேட்டரியை வைத்தேன். 3.21 வோல்ட். படிப்பானில் செருகி 32 கிலோபைட்டைத் திரும்ப எழுதினேன். சில விநாடி வேலை. எழுதியதை மீண்டும் படித்து ஹாஷ் ஒப்பிட்டேன். ஒத்தது. இரண்டு நாள் அலமாரியில் வைத்ததும், நேற்றிரவு எடுத்ததும் மேலே சொன்னது.

கை சூட்டோடு இருந்ததால் வீட்டில் இருந்த மற்றவற்றையும் பார்த்தேன். முதலாம் பிளேஸ்டேஷனின் கறுப்பு சிடி இரண்டும் பிளேஸ்டேஷன் 2 டிவிடி நான்கும் கணினியின் ட்ரைவில் மெதுவான வேகத்தில் குறையின்றிப் படிக்கப்பட்டன. விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் சிடி ஒன்றில் இரண்டு ஊசிமுனைப் பொட்டுகள் தெரிகின்றன. சிடியில் பிரதிபலிக்கும் படலம் படம் அச்சிட்ட பக்கத்திலேயே, மெல்லிய பூச்சுக்கு அடியில் இருக்கிறது. மேல்பக்கக் கீறல்தான் ஆபத்து. டிவிடியில் படலம் இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது. 2007-இல் நானே கணினியில் எழுதிய டிவிடிகள் ஏழில் ஐந்து படிக்கவில்லை. ஆலையில் அழுத்தி எடுத்ததும் வீட்டில் சாயத்தில் எழுதியதும் ஒன்றாகா.

தங்கை மகனுக்கு ஏழு வயது. அவன் அப்பா துபாயிலிருந்து நின்டெண்டோ ஸ்விட்ச் 2 வாங்கிவந்திருக்கிறார், 2025 ஜூனில் வெளிவந்த கருவி. கேசட் வேலை நடந்துகொண்டிருந்தபோது அவர்கள் சென்னை வந்திருந்தார்கள். ‘மாமா, என் கார்டையும் இப்படிக் காப்பாற்றிக் கொடுங்கள்’ என்று அவன் ஒரு சிவப்பு கார்டை நீட்டினான். என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. பெட்டியின் முன்பக்கத்தில் கீழே ஓர் அறிவிப்பு இருந்தது. இது கேம்கீ கார்டு. விளையாட்டை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும்.

அந்தக் கார்டை மேசையில் புளூவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் விளையாட்டு இல்லை. சாவி மட்டும் இருக்கிறது. முதல்முறை செருகும்போது இணையம் வழியாக விளையாட்டு முழுவதும் கருவியில் இறங்கும்; பிறகு ஒவ்வொரு முறை ஆடும்போதும் கார்டு செருகியில் இருக்க வேண்டும். அவன் சேமிப்பும் கார்டில் இல்லை. ஸ்விட்ச் வந்த 2017-இலிருந்தே சேமிப்பு கருவியின் நினைவகத்தில்தான். ஆக, ரோமும் இல்லை, ராமும் இல்லை, பேட்டரியும் இல்லை. நான் பற்றவைக்க அதில் இடமே இல்லை. ‘இதில் காப்பாற்ற ஒன்றும் இல்லையடா’ என்று குழந்தையிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், பெட்டியிலேயே பத்திரமாக வைக்கச் சொன்னேன்.

எல்லா ஸ்விட்ச் 2 கார்டும் இப்படி இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். 64 கிகாபைட் வரை கொள்ளும் முழுக் கார்டுகளும் உண்டு. சைபர்பங்க் 2077 போன்ற பெரிய விளையாட்டே முழுதாகக் கார்டில் வந்திருக்கிறது. முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. வாங்கும்முன் பெட்டியின் கீழ்ப்பகுதியைப் படியுங்கள். அந்தச் சின்ன அறிவிப்பு இருக்கிறதா இல்லையா என்பது இருபது ஆண்டு கழித்துத் தெரியும் வித்தியாசம்.

வட்டுப் பக்கமும் போக்கு இதுதான். 2020-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் கருவியில் டிஸ்க் போடும் இடமே கிடையாது. 2024 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5 புரோவிலும் இல்லை. வேண்டுமென்றால் ட்ரைவைத் தனியாக வாங்கி மாட்டலாம், மாட்டியபின் அதைப் பதிவுசெய்ய ஒருமுறை இணையம் வேண்டும். அந்தப் பதிவை ஏற்றுக்கொள்ளும் சர்வர் 2045-இல் இருக்குமா? கடைகள் மூடுவது புதிதில்லை. நின்டெண்டோவின் பழைய கருவிகளான 3டிஎஸ், வீ யூ இரண்டுக்கும் இருந்த இணையக் கடையில் 2023 மார்ச் 27-க்குப் பிறகு எதையும் வாங்க முடியாது. அதே ஆண்டு வெளிவந்த வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஆய்வு, 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று முறையாக வாங்கக் கிடைக்கவில்லை என்கிறது. அந்த 87-இல் உள்ளவற்றை இன்றும் ஆட முடிகிறதென்றால், யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் கேசட்டோ டிஸ்க்கோ கிடப்பதால்தான்.

இந்தக் கதையிலும் ஒரு பட்டன் பேட்டரி உண்டு. பிளேஸ்டேஷன் 4-க்குள் கடிகாரத்துக்கென ஒரு சிஆர் 2032 இருக்கிறது. அது தீர்ந்து, இணையத்தில் நேரத்தைச் சரிபார்க்கவும் வழி இல்லாமல் போனால், கையில் இருக்கும் டிஸ்க்கைக்கூடக் கருவி ஓட்டாது என்று விளையாடுபவர்கள் சோதித்துக் காட்டினார்கள். கூச்சல் எழுந்தது. 2021 செப்டம்பரில் வந்த 9.00 மென்பொருளில் சோனி அதைச் சரிசெய்தது. என்னைப் போன்றவர்களுக்கு இதில் நம்பிக்கை இருக்கிறது. ஒரே ஒரு மென்பொருள் மாற்றத்தில் கோடிக்கணக்கான டிஸ்க்குகளுக்கு ஆயுள் கூடியது. அதே மனம் கேம்கீ கார்டுக்கும் வரலாம். கடையை மூடும் நாளில், அதுவரை இறக்கிய விளையாட்டை வேறொரு கருவிக்கு மாற்றிக்கொள்ள ஒரு கதவைத் திறந்துவிட்டுப் போகலாம். நான் கேட்பது அவ்வளவுதான்.

சாதாரண ஸ்விட்ச் கார்டுகளையாவது நகல் எடுக்கலாமா என்று பார்த்தேன். அதற்குக் கருவியின் பூட்டை உடைக்க வேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு அதைத் தொடும் என்பதால் அத்தோடு நிறுத்திக்கொண்டேன். கசப்பாக இருக்கட்டும் என்று அந்தக் கார்டுகளின் மேல் டெனடோனியம் பென்சோயேட் தடவியிருக்கிறார்கள், குழந்தைகள் விழுங்காமல் இருக்க. அந்த அக்கறை பாராட்டத்தக்கது.

கணக்கு: ஸ்குரூடிரைவர் 220, கடிகாரக் கடைப் பேட்டரி 40, கால் வைத்த 2025 ஐந்து 450, 1616 இரண்டு 230, படிப்பான் 4,100, சால்டரிங் அயர்ன் 1,800, ஆல்கஹால், பிளக்ஸ், பின்னல் நாடா எல்லாம் சேர்த்து 410. ஆக 7,250 ரூபாய். கருவிகளைக் கழித்தால் ஒரு கேசட்டுக்கு ஆகும் செலவு 120 ரூபாய்க்குள். உங்கள் ஊரில் நாலைந்து பேர் கேசட் வைத்திருந்தால் படிப்பானைப் பொதுவாக வாங்கிக்கொள்ளலாம். எங்கள் அலுவலகத்திலேயே மூவர் கேட்டிருக்கிறார்கள். ஒருவருடையது இன்னொரு சில்வர், 1.4 வோல்ட். ராம் தாங்கும் அளவுக்குக் கீழே போய்விட்டது. அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

மறுபடி செய்தால் மாற்றுவது மூன்று. படிப்பானை முதலிலேயே வாங்குவேன். மே மாதம் அது கையில் இருந்திருந்தால் இந்த வேலை இரண்டு வாரத்தில் முடிந்திருக்கும். கட்டுப்பாடு இல்லாத சால்டரிங் அயர்னால் போர்டைத் தொட மாட்டேன். கடைசியாக, நேரடியாகக் கால் பற்றவைப்பதற்குப் பதில், பட்டன் பேட்டரியைச் செருகி எடுக்கும் மெல்லிய பிடிப்பான் ஒன்றைப் போர்டில் பொருத்த முடியுமா என்று பார்ப்பேன். அடுத்து மாற்றுபவருக்குச் சூடு வைக்கும் வேலை இருக்காது. மூடி மூடுமா என்பதுதான் சந்தேகம். சில்வரில் அளந்து பார்க்க வேண்டும்.

மூடும்முன் புளூவின் மூடி உள்பக்கத்தில் ஒரு சின்னக் காகிதம் ஒட்டினேன். ‘2025 செப்டம்பர், சிஆர் 1616, 3.21 வோல்ட். 2035-இல் திறந்து அளக்கவும். சேமிப்பின் நகல் அம்முவின் மின்னஞ்சலில்.’ தங்கையிடம் தொலைபேசியில் சொன்னபோது, அவள் முதலில் கேட்டது தன் பிளாஸ்டாய்ஸ் என்ற போக்கிமான் எத்தனையாவது நிலையில் இருக்கிறது என்பதைத்தான். 81 என்றேன். ‘தப்பு, 82’ என்றாள். போய்ப் பார்த்தேன். 82.